மார்கழியில் வெளிச்சுவருக்குப் பெயிண்ட்: 52,800 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய அனுபவம்

பொங்கலுக்குள் வீட்டு முகப்பைப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று யாராவது உங்கள் வாசலில் வந்து நின்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். போன வருடம் நான் ஏமாந்தேன். பாதி பெயிண்டிங் கான்ட்ராக்டர் ஏமாற்றியது, மீதி என் அவசரம்.

எங்கள் வீடு திண்டிவனத்தில். வடக்குப் பார்த்த வாசல், மாடியோடு சேர்த்து இருபது வருடக் கட்டடம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அந்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது வடிந்து பத்து நாள் ஆவதற்குள், தீபத்துக்கு முந்தைய நாள் மறுபடி ஒரு பிடி பிடித்தது. சுவரெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பாசி. கைப்பிடிச் சுவரில் இரண்டு இடத்தில் பூச்சே பெயர்ந்துவிட்டது. தங்கைக்குத் தை கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பொங்கலை ஒட்டி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்த முகப்போடு அவர்களை வரவேற்பதா என்று எனக்குக் கூச்சம்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு பெயிண்டிங் கான்ட்ராக்டர் வந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

"அண்ணே, ஈரம் இருக்கிற மாதிரி இருக்கே, காய வேணாமா?"

"தம்பி, கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்ல, கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்ல. மார்கழி பொறந்தாச்சு. மேலால ஜில்லுனு இருக்கும், உள்ள காஞ்சிருக்கும்."

பழமொழி சொல்கிற ஆளை எப்படிச் சந்தேகப்படுவது? பழமொழியும் பொய்யாகவில்லை. அவர் வேலை செய்த நாட்களில் ஒரு பொட்டு மழை இல்லை. தண்ணீர் ஏற்கெனவே சுவருக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

2,200 சதுர அடி, பொருளோடு சேர்த்து அடிக்கு 24 ரூபாய், மொத்தம் 52,800 என்று ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள்தான் ஒப்பந்தம். 25,000 ரூபாயை போனில் அனுப்பிவிட்டேன். கல்யாணமெல்லாம் முடிந்த பிறகு நானும் தம்பியும் டேப் வைத்து அளந்தோம், 1,740 சதுர அடிதான் வந்தது. அவர் ஜன்னல், கதவு எதையும் கழிக்கவில்லை. மேற்குப் பக்கம் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒன்றரை அடிச் சந்து. அதற்குள் ஆளே நுழைய முடியாது, அந்தச் சுவரில் ஒரு கோடு பெயிண்ட் படவில்லை. அதுவும் கணக்கில் இருந்தது. அதிகமாகக் காட்டிய 460 அடிக்கு மட்டும் 11,040 ரூபாய்.

வேலை மார்கழி மூன்றாம் தேதி தொடங்கியது. கைப்பிடிச் சுவரில் பெயர்ந்த இடத்தைக் கொத்தனாரை வைத்துப் பூசினார்கள். புதுப் பூச்சு ஒரு மாதமாவது ஆறவேண்டும், 28 நாள் என்பதுதான் வழக்கக் கணக்கு. இவர்கள் ஏழாம் நாளே அதன் மேல் பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு) பார்த்துவிட்டார்கள். அந்தப் பட்டியும் வீட்டுக்குள் பூசுகிற ரகம் என்று பிறகுதான் தெரிந்தது. பாசி இருந்த இடத்தைக் கழுவவே இல்லை, காய்ந்த பிரஷ்ஷால் நாலு தேய்ப்பு தேய்த்ததோடு சரி. உயிரோடு இருக்கிற பாசியின் மேல் பெயிண்ட் அடித்தால் அது அடியிலிருந்து மறுபடி கிளம்பி வரும்.

ஆட்கள் காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். சுவரில் பனி முத்து முத்தாக நிற்கும். ஒருவர் துண்டால் துடைத்துக்கொண்டே போவார், பின்னாலேயே இன்னொருவர் ரோலரை ஓட்டிக்கொண்டு வருவார். சாயங்காலம் ஆறு மணிக்கு லைட் போட்டு அடித்ததும் உண்டு. எமல்ஷன் தண்ணீர் கலந்த பெயிண்ட், அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் படலம் இறுகும். சாயங்காலம் அடித்தால் இறுகுவதற்குள் பனி இறங்கிவிடும். மறுநாள் காலை பார்த்தால் முகப்பில் சோப்பு நுரை வழிந்த மாதிரி பிசுபிசுப்பாகக் கோடு கோடாக இருந்தது. கேட்டேன். "ரெண்டாவது கோட்டுல மறைஞ்சிடும் தம்பி" என்றார்.

மறைந்தது, உண்மைதான். ஆனால் அந்த இரண்டாவது கோட்டை அவர்கள் கலக்கிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் பக்கெட் என் கண் முன்னால் திறந்தது, 20 லிட்டர். இரண்டாவது பக்கெட் வரும்போதே மூடி அறுபட்டிருந்தது. கடையில் கலர் மெஷினில் கலந்தால் மூடியில் ஷேடு எண்ணோடு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள், அதுவும் இல்லை. மொட்டைமாடியில் ஒரு பையன் அதில் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்தான். டப்பாவில் லிட்டருக்கு 400 மில்லிக்கு மேல் தண்ணீர் கூடாது என்று போட்டிருந்தது. இங்கே ஒரு முழுக் குடம் போயிற்று. உடைந்த பிவிசி குழாயால் கிண்டித் தூக்கினான், நீர்மோர் மாதிரி ஒழுகியது. அப்போதே இறங்கிப் போய் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பத்திரிகை வைக்க வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

போகிக்கு முந்தைய நாள் மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். பொங்கலன்று வீடு நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மாப்பிள்ளையின் அப்பா நின்று பார்த்து, "கலர் நல்லா இருக்குப்பா" என்றுகூடச் சொன்னார்.

தை பத்து வாக்கில் சன்ஷேடுக்குக் கீழே சின்னச் சின்னதாக உப்பல். ஒரு வாரத்தில் ஒவ்வொன்றும் அப்பளம் அளவுக்கு வந்துவிட்டது. அம்மா ஒன்றை விரலால் அழுத்தினாள். பொத்துக்கொண்டு ஒரு கோடு தண்ணீர் இறங்கியது, அதன் அடியில் வெள்ளையாக உப்புப் பொடி. கைப்பிடிச் சுவரில் பட்டியோடு சேர்த்துப் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. இத்தனையும் வாசல் பக்கம், வடக்குச் சுவரில்தான் அதிகம். தெற்குச் சுவர் ஓரளவு தப்பித்தது.

காரணம் புரிந்தபோது என்னையே நொந்துகொண்டேன். புரட்டாசி முதல் பங்குனி வரை சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். வடக்குச் சுவரில் அந்த ஆறு மாதமும் நேர் வெயில் விழாது. புயலில் ஊறிய சுவர், வெயிலே படாத திசை, போதாததற்கு ராத்திரிப் பனி. அதன் மேல் காற்றுப் புகாத ஒரு படலத்தைப் போர்த்தினால் உள்ளே இருக்கிற ஈரம் வேறு எப்படி வெளியே வரும்? உப்பைக் கரைத்துக்கொண்டு பெயிண்டைத் தள்ளிக்கொண்டுதான் வரும்.

அம்மா கேட்டாள், "டேய், நாங்கல்லாம் பொங்கலுக்கு மார்கழியிலதானே வெள்ளையடிச்சோம்? அது உரியலையே?" நியாயமான கேள்வி. அவர்கள் அடித்தது கிளிஞ்சல் சுண்ணாம்பு, கொஞ்சம் நீலம் போட்டு. சுண்ணாம்பு ஈரத்தை அடைத்து வைக்காது, சுவரை மூச்சு விட வைக்கும். அடிப்பதற்கு முன் சுவரை நனைக்கவே செய்வார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே எமல்ஷனுக்கு மாற்றிக்கொண்டது நாம்தான். அதற்காக எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பைக் கொண்டுபோய் அடித்துவிடாதீர்கள், பிடிக்காது.

கான்ட்ராக்டருக்கு போன் போட்டேன். பத்து தடவைக்கு எடுக்கவில்லை. பிறகு எடுத்து, "ஓதம் உங்க செவுத்துல இருக்கு தம்பி, அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார். உள்ளே காய்ந்திருக்கும் என்று சொன்ன அதே வாய். கம்பெனி வாரண்டி இருக்கிறதே என்று பெயிண்ட் கம்பெனிக்குச் சொன்னேன். ஒருவர் வந்து இரண்டு ஊசி வைத்த சின்னக் கருவியைச் சுவரில் குத்தினார், சிவப்பு விளக்கு எரிந்தது. ஈரச் சுவரில் அடித்ததற்கு வாரண்டி இல்லை, அதோடு வாங்கிய பில் எங்கே என்றார். பில் என் கையில் இல்லை. கான்ட்ராக்டர் கையிலும் இருந்திருக்காது.

வக்கீலாக இருக்கும் நண்பன் வழி சொன்னான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1915 என்கிற உதவி எண்ணும் இருக்கிறது. என் கையில் இருந்த சாட்சியம் பணம் அனுப்பிய ரசீது, காலண்டர் தாள், உப்பிய சுவரின் போட்டோக்கள். நண்பன் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்ததும் அளவில் அதிகமாகக் காட்டிய தொகையில் 11,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மிச்சத்துக்கு அலையத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். கல்யாண ஆல்பத்தில் வீட்டு வாசல் வரும் படங்களிலெல்லாம் இடது பக்கம் மட்டும் ஒரு வாழை மரம் அநியாயத்துக்கு முன்னால் நிற்கும்.

சித்திரையில் வேறு ஆளை வைத்துச் சுரண்டி, கழுவி, மூன்று வாரம் காயவிட்டு அடித்தோம். அந்தப் பெயிண்டர் வந்ததும் செய்த முதல் வேலை, ஒன்றரை அடிக்குப் பாலிதீன் தாளை வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டியதுதான். மறுநாள் உள்பக்கம் வியர்த்திருந்தால் அடிக்க மாட்டேன் என்றார். பெயிண்டை நானே கடைக்குப் போய் என் பெயரில் பில் போட்டு வாங்கி வந்தேன், அவருக்குக் கூலி மட்டும். ஒவ்வொரு பக்கெட் மூடியும் எங்கள் முன்னால்தான் திறந்தது. போன பொங்கலுக்கு நான் செய்திருக்க வேண்டியதெல்லாம், பாசியை பிளீச்சிங் பவுடர் தண்ணீர் விட்டுக் கழுவி, இரும்பு கேட்டுக்கு ஒரு நல்ல வெயிலில் எனாமல் அடித்து, வாசலில் காவி வைத்துப் பெரிய கோலமாகப் போட்டு, நாலு சீரியல் லைட் தொங்கவிடுவதுதான். மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், போன வாரம் அதே கான்ட்ராக்டர் பக்கத்துத் தெருவில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். அதுவும் வடக்குப் பார்த்த வீடு. அவர் போன பிறகு அந்த வீட்டு அக்காவிடம் ஒரு பாலிதீன் தாளும் டேப்பும் கொடுத்து, எங்கே ஒட்ட வேண்டும் என்று காட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை கோலம் போட வந்தவர், அப்படியே எங்கள் வீட்டுப் பக்கம் வந்து, "தம்பி, உள்ள ஒரே தண்ணியா நிக்குது" என்றார்.