பாதி விலையில் கட்டடம்: சன்டெக்கா, மனுலைஃபா, பாரகனா?

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், சன்டெக் சிட்டியில் மதியச் சாப்பாட்டு மேசையில் கேட்டார்: "அண்ணே, இந்தக் கட்டடத்தோட ரீட் இருக்குல்ல, அதுல ஒரு யூனிட்டுக்கு 2 வெள்ளிக்கு மேல சொத்து இருக்காம். சந்தையில 1 வெள்ளி 15 காசுக்குப் போகுது. கிட்டத்தட்ட பாதி விலை. வாங்கிப் போட்டுடலாமா?" வாய் நிறையச் சோறு. தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

2024 கடைசியில் நடந்த பேச்சு இது. அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது சொல்லிவிடுகிறேன். ரீட் என்றால் பலருடைய பணத்தைச் சேர்த்துக் கட்டடங்களை வாங்கி, வரும் வாடகையைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிதி. அதில் ஒரு பங்குக்குப் பெயர் யூனிட். சொத்து மதிப்புக்குக் கீழே விற்கும் ரீட்கள் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் ஏராளம். ஆனால் 45 விழுக்காடு தள்ளுபடி என்று இரண்டு ரீட்டின் மேல் எழுதியிருந்தால் இரண்டும் ஒரே சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. (ரீட்டின் ஆங்கில முழுப்பெயரில் வரும் 'டிரஸ்ட்' என்ற சொல்லைச் சிலர் அறக்கட்டளை என்று மொழிபெயர்க்கிறார்கள். இதில் அறம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.)

முதலில் ஒரு சின்னக் கணக்கு, ஏனென்றால் இதைப் போடாமல் பேசுவது வீண். ஒரு ரீட்டிடம் 100 கோடி வெள்ளி மதிப்புள்ள கட்டடம் இருக்கிறது, செலவு போக வருடத்துக்கு 4 கோடி வாடகை வருகிறது, வங்கிக் கடன் 42 கோடி என்று வைத்துக்கொள்வோம். கடனைக் கழித்தால் யூனிட்தாரர்களுடைய சொத்து 58 கோடி. சந்தையில் எல்லா யூனிட்டையும் சேர்த்து 32 கோடிக்கு விலை போகிறது. தள்ளுபடி 45 விழுக்காடு என்று எழுதுவார்கள், தவறில்லை. ஆனால் யூனிட்டுகளை மொத்தமாக நீங்களே வாங்கினால் அந்த 42 கோடிக் கடனும் கூடவே வருகிறது. ஆக, கட்டடத்துக்கு நீங்கள் தரும் விலை 74 கோடி. தள்ளுபடி 26 விழுக்காடுதான். 4 கோடி வாடகையை 74 கோடியால் வகுத்தால் 5.4 விழுக்காடு. மதிப்பீட்டாளர் "4 விழுக்காடு வருமானம் போதும், அதனால் 100 கோடி பெறும்" என்கிறார். சந்தை "வட்டி ஏறியிருக்கிறது, எனக்கு 5.4 வேண்டும்" என்கிறது. பாதி விலை என்று ஊர் பேசுவதெல்லாம் இந்த ஒன்றரை விழுக்காட்டுச் சண்டையைப் பற்றித்தான்.

2022-இல் அமெரிக்காவில் வட்டி ஏறத் தொடங்கியதும் இங்கே என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். அந்த டிசம்பரில் அரசுக்கு ஆறு மாதம் கடன் கொடுக்கும் கருவூல உண்டியல் என்ற பத்திரமே 4.4 விழுக்காடு கொடுத்தது. மத்திய சேமநிதியின் சிறப்புக் கணக்கு எப்போதும் போல 4. தூங்கிக்கொண்டே 4 வரும்போது, கடனும் வாடகைதாரர் தலைவலியும் சேர்ந்த ஒன்றை 4-க்கு யார் வாங்குவார்கள்?

தலைப்பில் சொன்ன மூன்றிலும் ஆழமான பள்ளம் மனுலைஃப் யுஎஸ் ரீட், எனவே அதையே முதலில் பார்த்துவிடலாம். 2016 மே மாதம் யூனிட்டுக்கு 0.83 அமெரிக்க டாலர் விலையில் பட்டியலிட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ், அட்லான்டா, நியூ ஜெர்சி என்று முழுக்க அமெரிக்க அலுவலகக் கட்டடங்கள். 2022 முடிவில் கணக்குப் புத்தகத்தில் யூனிட்டின் சொத்து மதிப்பு 0.57 டாலர், சந்தை விலை 0.30 சுற்றி. தம்பி கேட்ட அதே 'பாதி விலை'. அன்றைக்கு வாங்கியவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்போது கடன் விகிதம் 49 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. மேலே போட்ட கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள்: 0.30 என்ற விலையில் சந்தை சொன்னது, கட்டடங்கள் மதிப்பீட்டைவிடக் கால்வாசி குறைவு என்பதை மட்டும்தான். பெரிய ஆரூடமெல்லாம் இல்லை. கட்டடங்கள் கால்வாசி விழுந்தால் தள்ளுபடி முழுக்கக் காற்றில் போய்விடும்.

2023 நடுவில் மறுமதிப்பீடு வந்தது. ஆறே மாதத்தில் 14.6 விழுக்காடு சரிவு. கடன் ஒப்பந்தத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இருந்த ஒரு விகிதம் 60.2 ஆகிவிட்டது. வெறும் 0.2! ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், அதோடு யூனிட்தாரர்களுக்குப் பணம் கொடுப்பது நின்றது. டிசம்பரில் யூனிட்தாரர்கள் ஒரு மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ரீட்டைத் தொடங்கிய மனுலைஃப் காப்புறுதி நிறுவனம் கடன் கொடுத்தது, ஒரு கட்டடத்தையும் தானே வாங்கிக்கொண்டது, வங்கிகள் அவகாசம் தந்தன, கட்டடங்களை விற்றுக் கடனைக் குறைக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டன. யூனிட் விலை 10 அமெரிக்கக் காசுக்கும் கீழே போய்விட்டது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்க வரிச் சட்டக் காரணங்களுக்காக இந்த ரீட்டில் யாரும் 9.8 விழுக்காட்டுக்கு மேல் யூனிட் வைத்திருக்க முடியாது. பட்டியலிட்ட மனுலைஃபும் அதற்கு விலக்கில்லை. அதாவது பாதி விலையில் கிடக்கிறதே என்று ஒரு பணக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போக வழியே கிடையாது. விலைக்கும் மதிப்புக்கும் இடைவெளி இருந்தது, அதை மூட ஆள் வர முடியாது. குழாயடியில் தங்கக் குடம் கிடக்கிறது, ஆனால் யாரும் ஒரு கைப்பிடிக்கு மேல் எடுக்கக் கூடாது என்றால் அது அங்கேயே கிடக்கத்தான் செய்யும், நடுவில் ஓட்டையும் விழும்.

சரி, சன்டெக்குக்கு வருவோம். 2004 டிசம்பரில் பட்டியலிட்டது. சன்டெக் சிட்டியின் கடைத்தொகுதி, அலுவலகக் கோபுரங்களில் ஒரு பங்கு, மாநாட்டு மண்டபத்தில் பெரும்பங்கு, ஒன் ராஃபிள்ஸ் கீயிலும் மரினா பே நிதி நிலையத்தின் முதல் இரண்டு கோபுரங்களிலும் மூன்றில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு ஆஸ்திரேலியாவும் லண்டனும். 'கோபுரங்களில் ஒரு பங்கு' என்றேனே, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சன்டெக் சிட்டி அலுவலகங்கள் மாடி மாடியாகத் தனித்தனி உரிமை கொண்டவை. ஒரே கோபுரத்தில் ஒரு மாடி ரீட்டுக்குச் சொந்தம், மேல்மாடி யாரோ ஒரு வணிகருக்குச் சொந்தம் என்று இருக்கலாம். மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்ப் பலகையை ஒருநாள் நின்று படித்தேன்: கப்பல் முகவர், கணக்காய்வாளர், ஏதோ ஒரு குடும்ப நிறுவனம் என்று சின்னச் சின்னப் பெயர்கள் வரிசையாக. முழுக் கட்டடத்தை வாங்கப் பல நூறு கோடி வேண்டும், அப்படிப்பட்டவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். ஒரு மாடியில் ஓர் அலுவலகத்தை மட்டும் வாங்கச் சில கோடி போதும், அப்படிப்பட்டவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அதனால்தான் ரீட் கொஞ்சம் கொஞ்சமாக அந்த அலுவலகங்களை விற்றபோது, கணக்கில் போட்டிருந்த மதிப்பைவிட 20 விழுக்காட்டுக்கும் கூடுதலான விலை கிடைத்தது. மதிப்பீட்டாளர் காகிதத்தில் எழுதியது உண்மைதானா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. மனுலைஃபில் இந்தச் சோதனை எதிர்த்திசையில் போனது, இங்கே நம் பக்கம் வந்தது.

அப்படியானால் ஏன் பாதி விலை? சொத்தில் 42 விழுக்காடு கடனாக இருந்தது, அதற்கு வட்டி ஏறியது. யூனிட்டுக்குக் கிடைத்த பணம் 2022-இல் 8.884 காசு, 2023-இல் 7.135, 2024-இல் 6.192. இரண்டு வருடத்தில் 30 விழுக்காடு குறைவு. வட்டி மட்டும் காரணமில்லை. பழைய விற்பனை லாபத்திலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கூடுதல் பணமும் நின்றுவிட்டது. 6.19 காசை 1.15 வெள்ளியால் வகுத்தால் 5.4 விழுக்காடு, மோசமில்லை. ஆனால் இன்னொன்று: சன்டெக் சிட்டி நிலம் 1989-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை. அரசு கட்டிய வீவக வீடு வாங்கும்போது "குத்தகை எத்தனை வருஷம் பாக்கி?" என்று மூன்று முறை கேட்கிற நாம், ரீட் வாங்கும்போது ஒருமுறைகூடக் கேட்பதில்லை. அந்த 2 வெள்ளிச் சொத்து மதிப்பு என்றைக்கும் அப்படியே இருக்கப்போவதில்லை, வருடா வருடம் கொஞ்சம் தேய்கிற மதிப்பு.

இங்கே இடைவெளியை மூட ஆள் உண்டா? உண்டு, ஓரளவுக்கு. சொத்துத் தொழிலதிபர் கோர்டன் டாங் தரப்பு யூனிட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போய் 30 விழுக்காட்டைத் தாண்டியது. விதிப்படி மற்ற எல்லாருக்கும் விலை சொல்லியாக வேண்டும், 2024 டிசம்பரில் 1.16 வெள்ளி என்று சொன்னார்கள். சொத்து மதிப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. சிலர் இதைக் கொள்ளை என்றார்கள். எனக்கென்னவோ இது வேறொன்றைக் காட்டியது: விவரம் தெரிந்தவர் 1.16-க்கு வாங்கத் தயார், ஆனால் 2 வெள்ளி கொடுக்க அவருக்கு எந்த அவசரமும் இல்லை. தள்ளுபடியின் மேல்முனை புத்தகத்தில் இருக்கிறது, கீழ்முனை இந்த மாதிரி ஆட்களின் சட்டைப்பையில் இருக்கிறது.

பாரகன் ரீட் கதை இதற்கு நேர் எதிர், பார்க்கச் சலிப்பாகவும் இருக்கும். 2013-இல் எஸ்பிஎச் ரீட் என்ற பெயரில் 90 காசுக்குப் பட்டியலிட்டது. ஆர்ச்சர்ட் சாலையில் பாரகன், கிளமெண்டி மால், ஆஸ்திரேலியாவில் ஒரு கடைத்தொகுதியில் பங்கு. தள்ளுபடி ஒற்றை இலக்கம்தான், யாரும் வாய் பிளக்கும் அளவுக்கு இல்லை. ஆனால் 60 விழுக்காட்டுக்கும் மேல் யூனிட்டுகளை வைத்திருந்த கஸ்கேடன் பீக்குக்கு ஒரு சங்கடம் இருந்தது: பாரகனைப் பெரிய அளவில் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பல கோடி ஆகும், வேலை நடக்கும் வருடங்களில் வாடகை குறையும், பட்டியலிட்ட ரீட்டில் அதைச் செய்தால் யூனிட்தாரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். 2025 பிப்ரவரியில் 98 காசு தருகிறோம், மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். திருத்திய சொத்து மதிப்பு 91.5 காசு, அதற்கும் மேலே 7.1 விழுக்காடு. தள்ளுபடியில் வாங்கியவருக்கு மதிப்புக்கு மேலேயே கிடைத்தது.

எல்லாத் தள்ளுபடியும் இப்படி முடியும் என்று நினைத்தால் சபானாவைப் பாருங்கள், தொழிற்கட்டட ரீட். 2020-இல் ஈஎஸ்ஆர் ரீட் என்ற இன்னொரு ரீட்டோடு இணைக்கப் பார்த்தார்கள், கணக்குப் போட்டால் யூனிட்டுக்கு 38 காசு வாக்கில், சொத்து மதிப்போ 50 காசுக்கு மேல். இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் எதிர்ப்புக் கொடி பிடித்தன, தேவையான 75 விழுக்காட்டு ஆதரவு கிடைக்காமல் திட்டம் விழுந்தது. 2023 ஆகஸ்டில் ரீட்டை நடத்தும் நிர்வாக நிறுவனத்தையே நீக்க யூனிட்தாரர்கள் வாக்களித்தார்கள். சிங்கப்பூரில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. கைதட்டலாம். ஆனால் விலை அதற்குப் பின்னும் நெடுநாள் 40 காசைச் சுற்றியே நின்றது. சண்டையில் ஜெயித்தாலும் சட்டைப்பையில் எதுவும் விழாமல் போகலாம்.

இன்னொரு பக்கம் கேப்பிட்டாலேண்டின் சிஐசிடி என்ற ரீட், தள்ளுபடி என்ற பேச்சே அதிகம் இல்லாதது, பெரும்பாலும் சொத்து மதிப்பை ஒட்டியே விற்கும். இதை வாங்குபவர்களை நான் ஒரு காலத்தில் கேலி செய்தேன், இப்போது செய்வதில்லை. காரணம் என் சொந்த அனுபவம். என்னிடம் இருந்த ஒரு ரீட், பெயர் வேண்டாம், சொத்து மதிப்பு 1 வெள்ளி, சந்தை விலை 70 காசு. ஒருநாள் கடிதம் வந்தது: புதிய கட்டடம் வாங்குகிறோம், கையில் உள்ள 100 யூனிட்டுக்கு 20 புதிய யூனிட் வாங்கிக்கொள்ளலாம், விலை 65 காசு. நான் பணம் கட்டவில்லை. 100 வெள்ளிச் சொத்தோடு 13 வெள்ளி சேர்ந்து 120 யூனிட்டுக்குப் பங்காயிற்று, என் ஒரு வெள்ளி 94 காசாகிவிட்டது, கட்டடம் எதுவும் விழாமலேயே. தள்ளுபடியில் இருக்கும் ரீட் வளர நினைத்தால் பழைய ஆட்களின் சதையை வெட்டித்தான் வளர வேண்டும். சிஐசிடி 2024-இல் அயன் ஆர்ச்சர்ட் கடைத்தொகுதியில் பாதியை வாங்க 100 கோடி வெள்ளிக்கும் மேல் திரட்டியபோது யூனிட் விலை சொத்து மதிப்பை ஒட்டி இருந்தது, அதனால் இந்தக் காயம் பெரிதாகப் படவில்லை.

போன வாரம் தம்பி மறுபடி கேட்டார், எதை வாங்குவது என்று. என் கையில் இருப்பதைச் சொன்னேன்: சன்டெக் கொஞ்சம், அதைவிட இரண்டு மடங்கு சிஐசிடி. அமெரிக்க அலுவலகம் எதுவும் இல்லை, 5 காசுக்கு வந்தாலும் வேண்டாம். பாரகன் மாதிரி இன்னொன்று, பெரிய முதலாளி ஏற்கெனவே பாதிக்கு மேல் வைத்துக்கொண்டு பட்டியலில் இருப்பதே பாரம் என்று நினைக்கும் ஒன்று, கண்ணில் பட்டால் சன்டெக்கை விற்றுவிட்டு அங்கே போவேன். "அப்போ 45 விழுக்காடு தள்ளுபடியை விட்டுட்டு 8 விழுக்காட்டுக்குப் போறீங்களா அண்ணே?" என்றார். ஆமாம் தம்பி என்று சொல்லி, அவர் வாங்கப்போகும் ரீட்டின் ஆண்டறிக்கையில் கடன் பக்கத்தையும் குத்தகை எப்போது முடிகிறது என்ற பக்கத்தையும் மடித்துக் கொடுத்தேன். மேசையில் வைத்தார், மேலே கோப்பிக் குவளை உட்கார்ந்திருக்கிறது.