டியூஷனா, கேரம் ரூமா? சாயங்காலத்தை ஏரியா பசங்களுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி கொருக்குப்பேட்டைக்காரர். "வாரத்துல ரெண்டு சாயங்காலம் சும்மாதாண்ணா இருக்கேன். ஏரியா பசங்களுக்கு எதுனா பண்ணலாம்னு பார்க்குறேன், எங்க போய்ச் சேர்றது?" என்று கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

நான் வாத்தியார் இல்லை, பாரிமுனையில் துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை பார்க்கிற ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. தண்டையார்பேட்டையில் இரண்டு வருடம் இலவச மாலை வகுப்பு எடுத்தேன். இப்போது மூன்றாவது வருடமாக, ஏரியா பசங்க சாயங்காலம் கேரம் ஆடக் கூடுகிற ஒரு ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். ஆக, என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலில், ஞாயிற்றுக்கிழமை முகாம்கள். நோட்டு, பேனா, பிரியாணிப் பொட்டலம், ஒரு மேஜிக் ஷோ, குரூப் போட்டோ. நானும் இரண்டு முகாமுக்குப் போயிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் காசிமேடு பக்கம் ஞாயிறு காலையில் முகாம் வைக்கிறவர்களுக்கு ஊர் தெரியாது என்று அர்த்தம். மீன் வாங்கக் கூட்டம் குவிகிற நாள் அது. பாதி வீடுகளில் பெரியவர்கள் வியாபாரத்தில் நிற்பார்கள், பிள்ளைகள் கூட நிற்பார்கள் அல்லது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். முகாமைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கால்பந்து மைதானத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் காலையில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பையன்தான். ஆனால் அங்கே தேவைப்படுவது ஆட்டம் தெரிந்தவர், விடியற்காலையில் எழுந்து ஓடக்கூடியவர். எனக்கு இரண்டும் கிடையாது. முட்டியில் ஜவ்வு போன ஆள் நான். வெளியே நின்று பார்த்த வரையில் நல்ல இடம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மிச்சம் இரண்டு. மாலை வகுப்பும் கேரம் ரூமும்.

மாலை வகுப்பின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு புரிந்துவிட்டால் அதன் முகமே மாறும். 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது எங்கள் தெருவிலும் ஒரு அக்கா எடுத்தார். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரைக்கும், சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணிக்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. அந்த அக்கா வகுப்பெடுத்தது தன் வீட்டு வாசலில். அந்த வாசல் விஷயத்தை அப்போது நான் கவனிக்கவில்லை.

என் வகுப்பு தெருச் சங்கத்துக் கட்டிடத்தில், தனியாக. திங்கள், வியாழன், ஆறரை மணி. கிளியரிங் வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கப்பலுக்குக் கட்-ஆஃப், அதாவது சரக்கு போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம், நெருங்கிய அன்றைக்குக் கண்டெய்னர் துறைமுகத்துக்குள் போகிற வரை நகர முடியாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசை நின்றுவிட்டால் அதோடு முடிந்தது. மாதத்தில் இரண்டு முறையாவது எனக்கு அப்படி ஆகும். சாவி என் பையில். பதினாலு பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு வெளியே.

முதல் தடவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவைக்கு அப்புறம் ஒரு அம்மா வந்தார். "தம்பி, வர்றதா இருந்தா வாங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. தண்ணி லாரி வர்ற நேரத்துல இவள இங்க அனுப்பிட்டு நான் ஒத்தையா கொடம் தூக்குறேன்." எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரு பெண் பிள்ளையை ஒரு மணி நேரம் வீட்டு வேலையிலிருந்து விடுவிக்க அந்த வீடு ஒரு விலை கொடுக்கிறது. இலவசம் என்பதெல்லாம் நம் பக்கத்துக் கணக்கு. பதினாலு பேர் ஆறு பேராகக் குறைந்தது என் பாடம் மோசம் என்பதால் இல்லை.

இதைத்தான் நான் தலையாய விஷயமாகச் சொல்வேன். பாடம், திறமை, நல்ல மனசு எல்லாம் அப்புறம். எந்த இடத்தில் சேர்வதாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: நான் வராத நாளில் அங்கே என்ன நடக்கும்? கதவை யார் திறப்பார்கள்? நான் வேலை மாறி ஊருக்கு வெளியே ஒரகடம் பக்கம் போய்விட்டால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? வாசலில் எடுத்த அக்காவுக்கு இந்தக் கேள்வியே கிடையாது, அவர் எங்கேயும் போகப் போவதில்லை. காய்ச்சல் என்றால் அவர் மகள் உட்காருவாள். என்னைப் போல ஆபீஸிலிருந்து ஓடி வருகிறவனுக்குத்தான் இது கழுத்துக்கு வரும் கேள்வி.

கேரம் ரூமில் நான் வராவிட்டால் ஆட்டம் நடக்கும். விஷயம் அவ்வளவுதான்.

சாவி கீழே பெட்டிக்கடைக்காரரிடம். ஆறு மணிக்கு யாராவது வாங்கித் திறப்பார்கள். போர்டு துடைப்பது, பவுடர் போடுவது, சின்னவனுக்கு ஸ்ட்ரைக்கரை எப்படி விரலால் தள்ளுவது என்று காட்டுவது எல்லாம் பதினேழு வயதுப் பசங்களின் வேலை. எனக்கு ஆட்டமே சுமார்தான், ராணியைப் போட்டுவிட்டு, அதை உறுதி செய்யப் போட வேண்டிய அடுத்த காயை (ஃபாலோ) தவறவிடுகிற ரகம். எட்டு வயதுப் பொடியன் கூட என்னை ஜெயித்துவிட்டு, "இன்னாண்ணா, கண்ணாடிய மாத்துண்ணா" என்பான்.

அப்படியானால் நான் எதற்கு? ஸ்கோர் நோட்டை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பேன். சின்னப் பசங்களையே கூட்ட விடுவேன். போர்டு முடித்தவனுக்கு எதிராளியின் மிச்சக் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, ராணிக்கு மூன்று, 22-ஐத் தொட்டுவிட்டால் ராணிக்குப் புள்ளி இல்லை, 25 வந்தால் ஆட்டம். இதைச் சண்டை வராமல் எழுதத் தெரிந்த பிள்ளைக்குக் கூட்டல் கழித்தலில் வேறு பயிற்சி வேண்டாம். கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்.

உண்மையான வேலை பெரிய பசங்களிடம். பத்தாவதில் ஒரு பாடம் போனவன், பாதியில் நின்றவன், கேட்டரிங்குக்கும் தண்ணி கேன் போடவும் போகிறவன். இவர்கள் மாலை வகுப்பின் வாசலை மிதிக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம். கேரம் ரூமுக்கு மட்டும் தானாக வருவார்கள். மூன்று மாதம் பேசாமல் ஆடுவார்கள். நாலாவது மாதம், காயைக் குறிபார்த்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "அண்ணா, அந்தத் துணைத்தேர்வு எப்போ வரும்?" என்று கேட்பான் ஒருவன். ஜூன், ஜூலை வாக்கில் வரும், ரிசல்ட் வந்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும், வா நாளைக்குப் போகலாம். இன்னொருவனை மிண்ட் பக்கம் இருக்கும் வடசென்னை அரசு ஐ.டி.ஐ.க்குக் கூட்டிப்போனேன். எட்டாவது தேறியிருந்தாலே சேரக்கூடிய பிரிவுகள் உண்டு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பது அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு வருட வகுப்பில் நான் செய்ததைவிட அந்த ஒரு காலைப்பொழுது அதிகம் என்று நினைக்கிறேன். ஒருவேளை நான் மோசமான டியூஷன் வாத்தியாராகவும் இருந்திருக்கலாம்.

கேரம் என்றாலே உருப்படாதவன் ஆட்டம் என்று பெற்றோர் நினைப்பது இங்கே பழைய கதை. அர்ஜுனா விருது வாங்கிய கேரம் வீரர் மரிய இருதயம் இதே சென்னைக்காரர் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், அனுப்ப மாட்டார்கள். 2024 நவம்பரில் புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோக்காரர் மகள் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்து, அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்த பிறகு, எங்கள் ரூமுக்கே இரண்டு அப்பாக்கள் மகள்களைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

வந்தார்கள், ஆனால் நிலைக்கவில்லை. எங்கள் பக்கத்தின் பெரிய ஓட்டை இதுதான். ஒரே ரூம், பையன்கள் கூட்டம், மாடிப்படியில் சிகரெட் வாசம். ஞாயிறு மத்தியானம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிப் பார்த்தோம், எந்த வாரமும் நாலு பேரைத் தாண்டவில்லை. பெண் பிள்ளைகளோடு வேலை செய்ய விரும்புகிறவர்கள் யோசிக்காமல் மாலை வகுப்புக்கே போங்கள். அங்கே அவர்கள் வருகிறார்கள்.

பணம் கட்டி ஆடுகிற பெட்டும் ஒரு தலைவலி. இருபது ரூபாய், ஐம்பது ரூபாய் என்று பெரியவர்கள் வைத்து ஆடத் தொடங்கினால் ஒரு மாதத்தில் ரூமின் நிறமே மாறிவிடும். ஒன்பது மணிக்கு மேல் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் இருக்கக்கூடாது, பணம் கண்ணில் பட்டால் போர்டை எடுத்துச் சுவரில் சாய்த்துவிடுவது என்று இரண்டு விதி வைத்திருக்கிறோம். இரண்டாவது விதியால் ஒருமுறை பெரிய சண்டையே வந்தது.

இடம் எதுவானாலும் பொருந்துகிற ஒன்று. பிள்ளையோடு தனியாகக் கதவடைத்த அறையில் இருக்காதீர்கள், உடன் இன்னொரு பெரியவர் இருக்கட்டும். போட்டோவை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ கெடுதல் நடப்பது தெரிந்தால் நாமே பஞ்சாயத்துப் பேசக்கூடாது, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்ய வேண்டும். பாலியல் குற்றமாக இருந்தால் தகவல் கொடுக்காமல் இருப்பதே 2012-ஆம் வருடத்து போக்சோ சட்டப்படி குற்றம்.

செலவு? மாலை வகுப்புக்குச் சாக்பீஸும் பாயும் போதும். கேரமுக்குப் போர்டு, காய், பவுடர், வாடகை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று அடித்தால் போர்டு நமத்துப்போய்க் காய் நகராது, மேலே தொங்குகிற குண்டு பல்பை மாலை முழுக்க எரியவிட்டுத்தான் காயவைக்க வேண்டும். எல்.இ.டி. போட்டால் கரண்ட் மிச்சம், ஆனால் சூடு வராது. போன வாரம் பெட்டிக்கடைக்காரர் கரண்ட் பில்லை நீட்டி, "தம்பி, இந்த மழைக்கு மட்டும் ஒரு போர்டோட நிறுத்திக்கலாமா?" என்று கேட்டார். பசங்களிடம் இன்னும் சொல்லவில்லை.