புற்றுநோய் கிளைம் மறுப்பு: ஓம்பட்ஸ்மேனா, நுகர்வோர் ஆணையமா?

டாக்டர் எழுதிக்கொடுத்த இம்யூனோதெரபிக்கு (உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயை எதிர்க்கும் சிகிச்சை) காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டால், தட்டுவதற்கு இரண்டு கதவுகள் உண்டு: காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் அதிகாரி), நுகர்வோர் குறைதீர் ஆணையம். என் ஓட்டு ஓம்பட்ஸ்மேனுக்கு.

செலவை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஓம்பட்ஸ்மேனிடம் கட்டணமே கிடையாது. ஆணையத்திலும், கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆணையத்துக்கு வக்கீல் கட்டாயமில்லை; ஓம்பட்ஸ்மேன் வக்கீலை அனுமதிப்பதே இல்லை.

முடிவைத் தீர்மானிப்பது வரிசைதான். ஓம்பட்ஸ்மேனின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்கவில்லையென்றால் அதற்குப் பிறகும் ஆணையத்துக்குப் போகலாம். ஆணையத்துக்கு முதலில் போனால் ஓம்பட்ஸ்மேனிடம் திரும்பி வர வழியில்லை: அதே விஷயம் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருந்தாலும் முடிந்திருந்தாலும் ஓம்பட்ஸ்மேன் மனுவை எடுக்கமாட்டார். கோபத்தில் முதலில் வழக்குப் போடுகிறவர்கள் இழப்பது இதைத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: ஓம்பட்ஸ்மேன் சமரசம் பேசி ஒரு தொகையைப் பரிந்துரைத்து, அதை முழுத் தீர்வாக ஏற்று நீங்கள் கையெழுத்திட்டால் கதை அங்கேயே முடிந்தது. தொகை போதாது என்று தோன்றினால் கையெழுத்திடாமல் தீர்ப்பு கேளுங்கள்.

அடுத்தது வேகம். ஆவணங்கள் முழுதாகக் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் ஓம்பட்ஸ்மேன் தீர்ப்பு சொல்ல வேண்டும். நிறுவனம் 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கும் சட்டம் 3 முதல் 5 மாதம்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் வாய்தா வாய்தாவாக வருடங்கள் ஓடுவதுதான் அங்கே வழக்கம். மூன்று வாரத்துக்கொருமுறை மருந்து ஏற்ற வேண்டியவருக்கு அந்த வேகம் கட்டுப்படியாகாது.

ஓம்பட்ஸ்மேனிடம் மனு திரும்பி வருவதற்கு ஒரு பொதுவான காரணம்: டிபிஏ (நிறுவனத்துக்காகக் கிளைம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனம்) அனுப்பிய மறுப்பு மெயிலை மட்டும் இணைத்து நேராகப் போய்விடுவது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அவர் மறுத்தாலோ, திருப்தியில்லாத பதில் தந்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோதான் அடுத்த படி. அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கேஷ்லெஸ் (நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் வசதி) மறுப்பைக் கிளைம் மறுப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது; பணம் கட்டிவிட்டுப் பில்களோடு அந்தப் பணத்தைத் திரும்பக் (ரீயிம்பர்ஸ்மென்ட்) கேட்கும் உரிமை அப்படியேதான் இருக்கிறது.

புகாரில் என்ன எழுதுவது என்பது மறுப்புக் கடிதம் காட்டும் விதியைப் பொறுத்தது. விதி எண் இல்லாத கடிதம் வந்தால் அதையே முதலில் கேளுங்கள். 2024 முதல் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் கிளைம் மறுஆய்வுக் குழு அல்லது தயாரிப்பு மேலாண்மைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் கிளைமை மறுக்க முடியாது. அந்த ஒப்புதல் எங்கே என்றும் கேட்கலாம்.

‘நிரூபிக்கப்படாத சிகிச்சை’ என்றால், எந்த வகைப் புற்றுநோய், எந்த நிலை, முன்பு எந்த மருந்து பலிக்கவில்லை, இந்த மருந்துக்கு இந்தியாவில் எந்த நோய்க்கு அனுமதி இருக்கிறது என்று புற்றுநோய் மருத்துவர் ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். ‘நோயாளிக்கு இது அவசியம்’ என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் எடுபடாது. வாய்வழிக் கீமோ, ஊசி வழி மோனோகுளோனல் ஆன்டிபாடி (இம்யூனோதெரபி மருந்துகளில் ஒரு வகை) இரண்டும் நவீன சிகிச்சைகள் என்று ஐஆர்டிஏஐ 2019-இல் பட்டியலிட்டவை. அவற்றை மொத்தமாக ஒதுக்க முடியாது, உச்சவரம்பு மட்டும் வைக்கலாம். பாலிசியில் அந்த வரம்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டே தொகையைக் கேளுங்கள்.

‘பழைய நோயை மறைத்தீர்கள்’ என்ற மறுப்புக்குப் பின்னால் பல நேரம் கேஸ் ஷீட்டில் (மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பில்) ஜூனியர் டாக்டர் எழுதிய ஒரு வரி இருக்கும்: ‘2 மாதமாக’ என்பது ‘2 வருடமாக’ ஆகியிருக்கும். சிகிச்சையளித்த மருத்துவரிடம் தேதியோடு திருத்தச் சான்று வாங்கி, முதல் பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையையும் சேருங்கள். இடைவெளியில்லாமல் 60 மாதம் பாலிசி ஓடியிருந்தால், மோசடியை நிரூபித்தாலொழிய இந்தக் காரணத்தையே சொல்ல முடியாது.

ஆணையம் எப்போது மேல்? இழப்பீடு 50 லட்சத்தைத் தாண்டினால் ஓம்பட்ஸ்மேனிடம் இடமில்லை. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் பணம் வேண்டுமென்றாலும் ஆணையம்தான், ஓம்பட்ஸ்மேன் உண்மையான இழப்புக்கு மேல் தரமாட்டார். நிறுவனம் மோசடி என்றே குற்றம் சாட்டி, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நிலை வந்தாலும் ஓம்பட்ஸ்மேன் சரியான இடமில்லை. ஊர் ஒரு பிரச்சினையில்லை: ஆணையத்தில், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தமிழ்நாட்டுக்கு ஓம்பட்ஸ்மேன் அலுவலகம் சென்னையில் மட்டும், ஆனால் மனுவை ஆன்லைனில் கொடுத்துவிடலாம்.

ஆணையத்துக்கான 2 வருடக் கெடு, ஓம்பட்ஸ்மேனிடம் மனு இருக்கும்போது நிற்கும் என்று நம்பி உட்காராதீர்கள். தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் காரணம் காட்டிக் கெஞ்ச வேண்டிவரும். மறுப்புக் கடிதம் வந்த அன்றே அந்தக் கெடு முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.