பொருத்திய கையில் நரம்பு வளர: வளர்ச்சி ஹார்மோனா, வேறு வழியா?

1998இல் பிரான்சின் லியோன் நகரில் ஒருவருக்கு இன்னொருவரின் கை பொருத்தப்பட்டது. இத்தகைய சிகிச்சையில் இரத்த ஓட்டம் அறுவை மேசையிலேயே திரும்பிவிடும்; நரம்பு அப்படி வராது. கொடையாகப் பெற்ற கையின் நரம்பிழைகள் அழிந்து, உறை மட்டுமே மிஞ்சும். பெற்றவரின் இழைகள் அதற்குள் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வீதம் ஊர்ந்து வர வேண்டும். மேற்கையில் பொருத்தினால், உள்ளங்கைத் தசையை எட்டவே ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் தசை மெலிகிறது. இழைக்கு வழிகாட்டும் ஷ்வான் செல்களும் தளர்கின்றன. அதனால்தான், இழையை வளர்த்தால் மட்டும் போதுமா, காத்திருக்கும் தசையை யார் காப்பது என்று ஒவ்வொரு வழியையும் பார்த்துக் கேட்கிறேன்.

டாக்ரோலிமஸ், உடல் புதிய கையை நிராகரிக்காமலிருக்க எப்படியும் கொடுக்கப்படும் மருந்து. விலங்குகளில் அது நரம்பு வளர்ச்சியையும் விரைவுபடுத்தியிருக்கிறது. ஆனால் நரம்புக்காக அளவைக் கூட்ட முடியாது, சிறுநீரகம் தாங்காது.

மின்தூண்டல் எளிமையானது. நரம்பைத் தைத்தவுடன் 20 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம். தையலைக் கடக்கத் தயங்கும் இழைகளை இது சீக்கிரம் கடக்க வைக்கிறது, மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். கடந்தபின் வேகம் அதே 1 மி.மீ.தான். தசைக்கும் இதனால் பாதுகாப்பில்லை.

என் கேள்விக்கு நேராகப் பதில் தருவது வளர்ச்சி ஹார்மோன்தான். அது தூண்டும் ஐ.ஜி.எஃப்-1 என்ற புரதம் இழை, ஷ்வான் செல், தசை மூன்றுக்கும் ஊக்கம் தருகிறது. எலிகளில் நரம்பும் தசையும் நன்றாகத் தேறின. செயற்கை ஹார்மோன் 1985 முதல் சிகிச்சையில் இருப்பதால் மருத்துவர்களுக்கும் பழக்கமான மருந்து. இவ்வளவு இருந்தும் உடல் முழுக்கச் செலுத்த எனக்கு மனம் வரவில்லை. இது நீர் கோத்து வீங்கச் செய்யும். மணிக்கட்டில் நரம்பை நெரிக்கவும் கூடும். வளர வேண்டிய நரம்பின் வழியிலேயே நெரிசல்! இரத்தச் சர்க்கரையும் ஏறும். நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் ஏற்கெனவே அதைத்தான் செய்கின்றன. நோய் எதிர்ப்பை அடக்கி வைத்த உடலில் புற்றுநோய் அபாயம் முன்பே கூடுதல். அங்கே மாதக்கணக்கில் வளர்ச்சியைத் தூண்டுவது எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

அந்த ஐ.ஜி.எஃப்-1-ஐ மட்டும் மெல்லக் கசியும் நுண்துகள்களில் அடைத்து, நரம்பருகிலும் தசையிலும் செலுத்தும் முயற்சி நடக்கிறது. இதுவும் விலங்குச் சோதனைக் கட்டம்தான். திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டிவரும். ஆயினும் பலன் தேவையான இடத்தில் நிற்கிறது, சர்க்கரையும் வீக்கமும் உடலெங்கும் பரவும் வாய்ப்பு குறைவு.

மணிக்கட்டில் பொருத்திய கைக்கு, தூரம் குறைவு என்பதால், டாக்ரோலிமஸோடு மின்தூண்டலைச் சேர்ப்பதே என் தேர்வு. மேற்கை என்றால் அது போதாது. அங்கே முதல் நாளில் மின்தூண்டல், பிறகு இழை வந்து சேரும்வரை உள்ளங்கைத் தசைகளில் ஐ.ஜி.எஃப்-1 என்ற இணைப்பைத்தான் அடுத்து மனிதர்களிடம் சோதிக்க வேண்டும்.