கடுகு கொட்டும் வேகத்தை அளக்க பிஐவிலேப்: ஆறு மாத அனுபவம்

கண்ணாடி முகம் வைத்த சின்ன ஹாப்பரில் (அடியில் வாய் உள்ள தொட்டி) கடுகை நிரப்பி, 20 மி.மீ. வாய் வழியாகக் கொட்டவிட்டு, எந்த இடத்தில் மணிகள் என்ன வேகத்தில் இறங்குகின்றன என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. ஆறு மாதமாக இதற்கு பிஐவிலேப் பயன்படுத்துகிறேன். வில்லியம் தீலிக்கே உருவாக்கிய இலவச மென்பொருள், மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளுக்குள் ஓடும். மேட்லேப்புக்கு உரிமம் வேண்டும், எங்கள் கல்லூரியில் இருந்தது.

இது தனித்தனி மணியைத் துரத்துவதில்லை. படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் தோற்றமும் அடுத்த படத்தில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடி அம்புக்குறி போடும். தண்ணீர் ஓட்டம் என்றால் துகள் தூவ வேண்டும். கடுகுக்கு அது வேண்டாம்; ஒவ்வொரு மணியிலும் மின்னும் ஒளிப்புள்ளியே போதும்.

முதலில் ஃபோனின் ஸ்லோமோஷனில் விநாடிக்கு 240 படம் எடுத்தேன். வாய்க்கருகே பல அம்புகள் மேல்நோக்கி நின்றன. இரண்டு நாள் மென்பொருளைச் சந்தேகித்தேன், அது தவறு. புவியீர்ப்பு முடுக்கத்தையும் வாயின் அகலத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அங்கே வேகம் விநாடிக்குச் சுமார் 0.44 மீட்டர். அதாவது படத்துக்குப் படம் 1.8 மி.மீ. நகர்வு. கடுகின் விட்டமே ஏறத்தாழ 2 மி.மீ.தான்! ஒரு மணி விட்டுப்போன இடத்துக்குச் சற்று மேலேயே அடுத்த மணி வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் மணி கொஞ்சம் மேலே ஏறியதாகக் கணக்காகிவிடுகிறது. துறையின் அதிவேகக் கேமராவில் விநாடிக்கு 1,000 படம் எடுத்ததும் நகர்வு அரை மி.மீ.க்குள் அடங்கியது, அம்புகளும் கீழே திரும்பின.

விளக்கையும் மாற்ற வேண்டியிருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரிந்த விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கியதால் பத்துப் படத்துக்கு ஒன்று இருண்டது. இப்போது பேட்டரி எல்இடி.

கட்டத்தின் அளவில்தான் நிதானம் வேண்டும். என் படத்தில் ஒரு மி.மீ.க்கு 10 பிக்சல். 32 பிக்சல் கட்டத்தில் ஒன்றரை மணிதான் அடங்கும். அம்புகள் கண்டபடி சிதறும். முதலில் 128 பிக்சல் கட்டத்தில் தேடி, பிறகு கட்டத்தை 64 ஆகச் சுருக்கி முடித்தால் நன்றாக வருகிறது. ஆனால் ஓரத்தில் தேங்கும் கடுகுக்கும் நடுவில் ஓடும் கடுகுக்கும் இடைப்பட்ட குறுகிய பட்டையில் 64 பிக்சல் இரண்டையும் கலந்து சராசரியாக்கிவிடுகிறது. எனக்கு மிகவும் வேண்டியது அந்தப் பட்டைதான். அங்கே மட்டும் மணி மணியாகத் துரத்தும் முறைக்கு மாறப் போகிறேன். மற்ற இடங்களுக்கு இதையே தைரியமாகச் சொல்வேன்.

கேமராவுக்குத் தெரிவது கண்ணாடியை உரசி இறங்கும் மணிகள் மட்டுமே, உள்ளே ஓட்டம் இன்னும் வேகம். அதனால் ஒவ்வொரு முறையும் கீழே தராசு வைத்துக் கொட்டிய எடையையும் நேரத்தோடு பதிகிறேன்.