நாகர்கோவிலா, பாலக்காடா?

பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரிதான் 1956 நவம்பர் 1 அன்று நடந்தது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நாகர்கோவில் சென்னை மாநிலத்துக்கு வந்தது. மலபார் மாவட்டத்தோடு பாலக்காடு கேரளத்துக்குப் போனது. எங்கள் வீட்டிலும் அதே கணக்குதான். நான் நாகர்கோவில், மனைவி பாலக்காட்டுத் தமிழ். ஓய்வு பெற்றுச் சென்னை வீட்டைக் காலி செய்தபோது இரண்டு ஊரிலும் ஆளுக்கொரு வீடு இருந்தது. எதில் குடியேறுவது என்று மூன்று வருஷமாகப் பேச்சு. இரண்டிலும் மாறி மாறி இருந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படிப்பு. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பாலக்காடு 89.31. கேரளத்தில் அதற்குக் கீழே வயநாடு மட்டும்தான். நாங்கள் வகுப்பில் முதல் மாணவன், அவர்கள் பெரிய பள்ளிக்கூடத்தின் கடைசி பெஞ்ச். ஆனாலும் மார்க் எங்களுக்குத்தான் அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன். “உங்க ஊர்ல படிப்பு ஏற ஏறப் பவுனும் ஏறுதே, அது என்ன கணக்கு?” என்றாள். கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளையின் பட்டத்தையும் பெண்ணின் நகையையும் ஒரே மூச்சில் விசாரிக்கிற ஊர்க்காரன் நான். பதில் சொல்லவில்லை.

கல்லூரிகளில் ஏற்றத்தாழ்வு பெரிதாக இல்லை. இங்கே 1893 முதல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, அங்கே பழைய விக்டோரியா கல்லூரி. 2015-இல் பாலக்காட்டுக்கு ஐஐடியும் வந்துவிட்டது. எங்கள் வயதில் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெயிலில் பாலக்காடு தோற்கும், பேச்சே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்த மாதிரி கணவாய். மார்கழி, தையில் அதன் வழியே வருகிற காற்று கொடியில் காய்கிற வேட்டியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும். பங்குனியில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்களும் உண்டு. எங்கள் பக்கத்திலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. அந்தக் காற்றை முப்பந்தல் காற்றாலைகள் வாங்கிக்கொள்கின்றன. நாகர்கோவிலுக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கும், அரை மணி நேரத்தில் கடல்.

சாப்பாட்டிலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலையில் கூடையோடு வரும் மீன்காரம்மா, மரச்சீனிக் கிழங்கு, கடை வாசலில் தொங்கும் மட்டி வாழைக்குலை, சாயங்காலம் ரசவடை. பாலக்காடு கடலே இல்லாத மாவட்டம். ராமசேரி இட்லி ஒன்றுக்கு மட்டும் தலை வணங்கலாம். இட்லிக்கும் தோசைக்கும் நடுவில் தட்டையாக, பூப்போல இருக்கும். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து போன முதலியார் குடும்பங்களின் கைவண்ணம் என்பார்கள். அதுவும் நம்ம ஆள்தான்.

இதுவரை நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் வயசான காலம் என்கிற விஷயம் வந்தது.

நாகர்கோவிலில் எங்கள் தெருவில் பதினோரு வீடு. ஏழில் கிழவன் கிழவி மட்டும். எல்லாம் மாடி வீடு, கிரானைட் தரை, கேட்டில் கேமரா. எதிர்வீட்டு அண்ணாச்சியின் மகன் அமெரிக்காவிலிருந்து அந்தக் கேமராவைப் பார்த்து, “அப்பா, கேட் பூட்டல” என்று போன் பண்ணுவான். போன மழையில் அண்ணாச்சி முற்றத்தில் வழுக்கி விழுந்தார். அதையும் அவன்தான் அங்கிருந்து பார்த்துவிட்டு எங்களுக்கு போன் பண்ணினான். நான் போய்த் தூக்கினேன். ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, ஊருக்குள் தனியார் வரிசையாக. இதயம், மூளை என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா. ஆனால் அங்கே போய்ச் சேர மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலைத் தாண்டவேண்டும்.

பாலக்காட்டில் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீடு தேடி பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது படுக்கையில் கிடப்பவர்களின் வலியைத் தணித்துப் பராமரிக்கிற நர்ஸ், வருகிறார். கேரளம் 2008-இலேயே இதற்கென்று ஒரு கொள்கை வகுத்து, உள்ளாட்சிகளின் பொறுப்பில் விட்டது. அந்தப் பெண் குழாயடியில் கை கழுவிவிட்டு, “அம்மே, ஊணு கழிச்சோ?” என்று கேட்டபடியே படுக்கைப்புண்ணைத் திறந்து பார்ப்பார். மாமியார், “மோர்சாதம்” என்பார். எந்தப் பக்கம் எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்கவேண்டும் என்று சுவரில் ஒரு தாளை ஒட்டியதும் அந்த நர்ஸ்தான். தமிழ்நாட்டிலும் 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் உண்டு; எங்கள் தெருவில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரே தொண்டராக அந்த நர்ஸோடு கூட வருவதை நான் பாலக்காட்டில்தான் பார்த்தேன்.

போக்குவரத்திலும் அவர்கள் கை ஓங்கியே இருக்கிறது. கோயம்புத்தூர் சுமார் 50 கிலோமீட்டர். மகள் விமானத்தில் வந்து இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாள்.

எனக்கு அங்கே ஒரே இடைஞ்சல் எழுத்து. மலையாளம் பேசினால் புரியும், படிக்க வராது. பஸ் போர்டிலிருந்து வரி ரசீது வரை மனைவி வாசித்துச் சொல்லவேண்டும். முப்பது வருஷம் ஆபீஸில் ஃபைல் பார்த்தவன் கையெழுத்து எங்கே போடுவது என்று கேட்டு நிற்கிறேன். ஹர்த்தால் அன்று பால்கூடக் கிடைக்காதோ என்று பயந்தேன், அது அப்படியொன்றும் மோசமில்லை.

இப்போதைக்கு முடிவு இதுதான். மாமியார் இருக்கும்வரை பாலக்காடு. வெயில் காலத்தில் மச்சினன் குடும்பம் வந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு மாதம் நாகர்கோவில். அதற்கப்புறமும் பாலக்காடுதான் என்று மனைவி சொல்கிறாள். எதிர்வீட்டு முற்றத்தை நினைத்தால் எனக்கும் மறுக்க வாய் வரவில்லை. பங்குனிக்கு ஐலேண்ட் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று, இரண்டும் லோயர் பெர்த்.