டெல்டாக்காரர்கள் எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

என்னிடம் படிக்கப் புத்தகம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. அதன் கனத்தைப் பார்த்ததும் பலருக்கு முகம் மாறிவிடும். எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் பார்க்கும் தம்பி, “அக்கா, இது தமிழ் வாத்தியாருங்க படிக்கிற புத்தகமாச்சே” என்றே கேட்டுவிட்டான். அப்படி இல்லை. ஆடுதுறையில் ஏறி பாபநாசத்தில் இறங்கி, சாயங்காலம் அதே வழியில் திரும்புகிற என்னைப் போன்றவர்களுக்கு இதைவிடத் தோதான புத்தகம் தமிழில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் காரணம் ரொம்ப சாதாரணமானது. இது 1940 முதல் ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்த தொடர். மொத்தம் 122 அத்தியாயங்கள். வாரப் பத்திரிகை வாசகருக்காக எழுதியதால் ஒவ்வொன்றும் சில பக்கங்களில் தன்னளவில் முடிந்துவிடும். ஆடுதுறையில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், திருவிடைமருதூர், திருநாகேஸ்வரம் தாண்டி கும்பகோணம் வருவதற்குள் ஒன்றை முடித்துவிடலாம். நாவல் படிக்கும்போது பாதிக் காட்சியில் இறங்க வேண்டி வருமே, அந்த எரிச்சல் இதில் கிடையாது. 1942இல் ஐயர் காலமானதால் தொடர் முற்றுப்பெறாமல் நின்றுபோனது. 1950இல்தான் புத்தகமாக வந்தது. முடிவுறாத புத்தகம் என்ற குறை படிக்கும்போது தெரிவதே இல்லை.

இரண்டாவது காரணம் ஊர்கள். முதல் அத்தியாயமே பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைப் பற்றியது. ஏகாதசியன்று மறந்துபோய் வெற்றிலை போட்டுக்கொண்ட ஒரு தஞ்சாவூர் ராஜா, அந்தப் பாவம் தீர வீடு கட்டி, இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு வெட்டி, நிலத்தோடு தானம் கொடுத்ததால் உண்டான ஊர் என்று செவிவழிக் கதையோடு ஆரம்பிக்கிறார். ஐயரின் நினைவு இல்லம் இப்போதும் அங்கே இருக்கிறது. எங்கள் சங்கத்துக்கு உரம் வாங்க வருகிறவர்களில் அந்தப் பக்கத்துக்காரர்களும் உண்டு. “உங்க ஊரைப் பத்தி எழுதியிருக்காரு, தெரியுமா?” என்று ஒரு பெரியவரிடம் அந்த ஏகாதசிக் கதையைச் சொன்னேன். ரசீதைக்கூட வாங்காமல் நின்று கேட்டார். அப்புறம், “இதெல்லாம் எதுலம்மா இருக்கு? எம் பேத்திக்கு வேணும்” என்றார்.

ஐயரின் தகப்பனார் சங்கீதத்தையும் பிரசங்கத்தையும் நம்பிக் குடும்பம் நடத்தியவர். எந்த ஊரில் ஆதரவு கிடைக்கிறதோ அந்த ஊருக்குச் சட்டி பானையோடு போய்விட வேண்டும். பையனுக்கோ தமிழ்ப் பித்து. ஒவ்வொரு ஊரிலும் யாருக்குத் தமிழ் தெரியும் என்று விசாரித்துக்கொண்டு போய் நிற்கிறான். அவருக்குத் தெரிந்தது தீர்ந்ததும் அடுத்த ஊர், அடுத்த ஆசிரியர். கடைசியில் 1871இல் மாயூரம் (இப்போதைய மயிலாடுதுறை) வந்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்கிற இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றிக்கொள்ளச் சொன்னவர் பிள்ளைதான். அதே மாயூரத்தில், ‘நந்தனார் சரித்திரம்’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பையன் சங்கீதமும் கற்றுக்கொள்கிறான். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறான். இதை எழுதும்போது ஐயருக்கு எண்பத்தைந்து வயது. இருந்தும் அந்தச் சின்ன வருத்தம் எழுத்தில் அப்படியே இருக்கிறது.

பட்டீச்சுரத்தில் தங்கிப் படித்த அத்தியாயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை வாயால் செய்யுள் சொல்லிக்கொண்டே போவார். பக்கத்தில் ஏட்டையும் எழுத்தாணியையும் வைத்துக்கொண்டு மாணவர் எழுதிக்கொண்டே வர வேண்டும். ஒரு தல புராணத்தின் பாட்டுகள் பிறக்கும்போதே கூட இருந்து பார்க்கிற வாய்ப்பு! அப்பேர்ப்பட்ட கவிஞருக்குக் கையில் காசு தங்காது. கடன் எப்போதும் இருந்தது. ஆசிரியரின் பெருமையையும் வறுமையையும் ஒரே குரலில், எதையும் மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் இதை வெறும் குருபக்திப் புத்தகமாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் என்னைக் கேட்டால், புத்தகத்தின் உச்சம் கும்பகோணத்தில் நடக்கிறது. 1880 அக்டோபர் 21. ஐயர் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியர், வயது இருபத்தைந்து. ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் (கீழ்க்கோர்ட்டு நீதிபதி) சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். “என்னென்ன படித்திருக்கிறீர்கள்?” என்ற கேள்வி வருகிறது. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். இதைக் கேட்டால் யாரும் அசந்துபோவார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு. முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மகாவித்துவானிடம் பாடம் கேட்டவர் என்று தெரிந்தும் அசையவில்லை. இதற்கெல்லாம் முந்தைய பழைய நூல்கள் ஏதாவது உண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததுகூட இல்லை. முதலியார் தான் பிரதி செய்வித்து வைத்திருந்ததைக் கொடுத்து அனுப்புகிறார். அதன் பிறகு நடந்தது ஊரறிந்த வரலாறு. 1887இல் சிந்தாமணி அச்சாகிறது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை வரிசையாக வருகின்றன.

இதில் இன்னொரு இடமும் இருக்கிறது. சிந்தாமணி சமண காவியம். உரையில் வரும் சமணச் செய்திகள் ஐயருக்குப் புரியவில்லை. அவர் வாழ்ந்த அதே கும்பகோணத்தில் சமணர்கள் சிந்தாமணியை வீட்டில் வைத்து முறையாகப் படித்து வருகிறார்கள் என்று தெரிய வருகிறது. போய்ப் பழகி, கேட்டுக் கற்றுக்கொள்கிறார். தமிழ் படித்தவர்கள் மறந்துபோன ஒரு காவியம், கூப்பிடு தூரத்தில் சிலர் வீட்டில் உயிரோடு இருந்திருக்கிறது! நண்பர்களிடம் போய் “நீ என்ன படிக்கிறே?” என்று விடாமல் கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது இந்த அத்தியாயங்களைப் படித்த பிறகுதான்.

குறைகளும் உண்டு. நடுவில் செய்யுள்கள் நிறைய வரும். முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள், கதை அறுபடாது. ஆதீனத்துப் பெரியவர்கள், கனவான்கள், வித்துவான்கள் என்று பெயர்கள் குவிந்து வரும் பகுதிகள் சிலருக்கு அலுப்புத் தட்டும். எனக்குள்ள பெரிய குறை வேறு. தன் கல்யாணத்தை, அந்தக் காலத்துக் கல்யாணங்கள் எப்படி நடந்தன என்பதை, ரசித்து எழுதுகிற ஐயர், கல்யாணம் செய்துகொண்ட பெண்ணைப் பற்றிப் பேசுவது சொற்பம். ஏடு தேடி ஊர் ஊராகப் போன மாதங்களில் அந்த வீடு எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நான் முன்பு வாங்கிய ஒரு மலிவுப் பதிப்பில் ஒரு பாரம், அதாவது ஒன்றாக அச்சடித்து மடிக்கும் பக்கக் கட்டு, இரண்டு தடவை சேர்ந்து, அடுத்த பாரம் விட்டுப்போயிருந்தது. மாயூரத்தில் படித்துக்கொண்டிருந்தவர் அடுத்த பக்கத்தில் வேறெங்கோ இருந்தார். ஊர்ப் பெயர்களிலும் ஏகப்பட்ட அச்சுப்பிழை. பதிப்பகத்தின் பெயர் இங்கே வேண்டாம். கடையிலேயே நின்று பக்க எண்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள். சென்னை பெசன்ட் நகரில் இருக்கும் டாக்டர் உ.வே.சா. நூல்நிலையத்தின் பதிப்பு கிடைத்தால் அதையே வாங்கலாம். போனில் படிக்கிறவர்களுக்கு மதுரைத் திட்டத்தின் தளத்தில் முழுதும் இலவசமாகவே கிடைக்கிறது.

சரி, இத்தனை பெரிய புத்தகத்துக்கு இப்போது மனசு இல்லை என்றால் கு.ப.ராஜகோபாலனின் ‘விடியுமா?’ கதையைப் படியுங்கள். ஒரு தந்தி வருகிறது. அக்காவின் கணவருக்குச் சென்னையில் உடம்பு ஆபத்தான நிலையில் இருக்கிறது. அக்காவும் தம்பியும் கும்பகோணத்தில் ராத்திரி ரயில் ஏறுகிறார்கள். அந்த இரவுப் பயணம்தான் கதை. துக்கம் உறுதியாகாத அந்த நேரத்தில் மனசு போடும் கணக்குகளை இவ்வளவு நேர்மையாக எழுதியவர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் ஓடியிருக்கிற எவரும் இதை ஒரே மூச்சில் படிப்பார்கள்.

தி.ஜானகிராமனைப் படிக்காதவர்கள் ‘மோகமுள்’ளில் தொடங்குவதையே பார்க்கிறேன். நான் ‘பாயசம்’ கதையில் தொடங்கச் சொல்வேன். சாமநாது என்ற பெரியவருக்கு அண்ணன் மகன் சுப்பராயன் நன்றாக வாழ்வது பொறுக்கவில்லை. கல்யாண வீடு, பந்திக்குத் தயாராக ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பாயசம். அதை அவர் என்ன செய்கிறார், செய்துவிட்டு என்ன சொல்கிறார் என்பதை நான் சொல்லிவிடக் கூடாது. எங்கள் பக்கத்துக் கல்யாணச் சமையலின் மணமும் பங்காளிப் பொறாமையும் ஒன்றாகக் கலந்து வரும். அதற்குப் பிறகு ‘மோகமுள்’. பாபுவும் யமுனாவும் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதில் ரங்கண்ணாவிடம் பாபு பாட்டுக் கற்றுக்கொள்ளும் பகுதிகள்தான் பெரிது. பாபுவின் புலம்பல் சில இடங்களில் நீண்டுவிடுகிறது.

கும்பகோணம் என்றால் அக்ரகாரம் மட்டும்தானா என்று கேட்கிறவர்களுக்கு எம்.வி.வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’. பட்டு நெய்யும் சௌராஷ்டிரக் குடும்பங்களின் நாவல். எழுதியவரே அந்தச் சமூகத்தில் பிறந்து ஜரிகை வியாபாரம் பார்த்தவர் என்பதால், கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கும் நமக்குத் தெரியாத தறி வீட்டின் கணக்கு வழக்கெல்லாம் உள்ளே இருக்கிறது. சா.கந்தசாமியின் ‘சாயாவனம்’ சின்ன நாவல், இரண்டு நாளில் முடிந்துவிடும். ஊருக்குத் திரும்பி வந்த ஒருவன் கரும்பாலை கட்டுவதற்காக ஒரு வனத்தை அழிக்கிறான். எது சரி, எது தப்பு என்று ஆசிரியர் ஓரிடத்திலும் சொல்வதில்லை. மரங்கள் ஒவ்வொன்றாகப் போவதைப் படிக்கப் படிக்க நமக்கே நெஞ்சு அடைக்கும்.

இதுவரை சொன்ன எதிலும் நடவு நட்டவர்களும் அறுவடை செய்தவர்களும் கதையின் நடுவில் நிற்கவில்லை. டெல்டாவைப் பற்றிப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு 1968 டிசம்பர் 25ஐத் தாண்டிப் போக முடியாது. கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். இதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. நன்றாக எழுதப்பட்ட நாவல்தான், ஆனால் கொடுமைக்குக் காரணத்தைப் பண்ணையாரின் உடல் குறைபாட்டில் தேடுகிற அதன் போக்கை என்னால் ஏற்க முடியவில்லை. கூலிச் சண்டையை அது சிறிதாக்கிவிடுகிறது. அதனால் நான் கையில் கொடுப்பது சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’. அதே சம்பவம், ஆனால் சேற்றில் இறங்கியவர்கள் பக்கம் நின்று, அவர்கள் பேசும் பேச்சில் எழுதியது. முதல் சில பக்கங்களில் வட்டாரப் பேச்சு கொஞ்சம் தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் உடனே பிடிபட்டுவிடும். எங்கள் ஊர்க் கடைகளில் இது எப்போதும் இருப்பதில்லை. மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள், இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.